கடன் தீர்ந்த ஊரின் தேர்

மணலூர் ராஜாவுக்குக் கழுத்து முட்டக் கடன். வரியில் பாதி வட்டிக்கே போனது. மந்திரி பூவராகன் ஏரி வேலை, சாலை வேலை எல்லாவற்றையும் நிறுத்தி, மூன்றே வருஷத்தில் கடனை அடைத்துவிட்டார். அதைக் கொண்டாடத் தேரோட்டம் என்று ராஜாவையும் தேரடிக்கு அழைத்துவந்தார்.

வந்து பார்த்தால், தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் சடையாண்டியைத் தவிர ஓர் ஆள் இல்லை.

"பொழுது சாய்வதற்குள் தேர் நிலைக்கு வரணும். இல்லையென்றால் உன் தலை இருக்காது!" என்று மந்திரி உறுமினார்.

"கடன் தீர்ந்த ஓலையைக் கொடுங்க எஜமான், வடத்துல கட்டுறேன். நாட்டையே தூக்கி நிறுத்தின ஓலை, தேரை இழுக்காதா?"



"ஜனங்கள் எங்கேயப்பா?" என்றார் ராஜா.

"ஏரி வேலை நின்னதும் கூலி நின்னுது சாமி. கூலி நின்னதும் கடைத்தெரு மூடிச்சு. ஏரியும் தூர்ந்துபோச்சு. எல்லாரும் பிழைக்கப் போயிட்டாங்க. என் மகளும் கைக்குழந்தையோட போயிட்டா."

சொல்லிவிட்டு, சக்கரத்தடியிலிருந்த கட்டையை உருவித் தோளில் வைத்துக்கொண்டான்.

"அதை ஏன் எடுக்கிறாய்?"

"ஆயிரம் பேர் இழுக்கிறப்போ தேர் தறிகெட்டு ஓடாம இருக்கத்தான் சாமி இந்தக் கட்டை. இனிமே எதுக்கு?"