நண்டு சலோமி கட்டிய கரை

அல்லிக்குளத்தின் கரை வெள்ளத்தில் உடைந்துவிட்டது. தண்ணீரெல்லாம் ஓடிப்போய்ச் சேறுதான் மிச்சம். அங்கங்கே தேங்கிய குட்டைகளில் மீன்கள் முண்டியடித்தன.

நரிக்கும் நாரைக்கும் ஒரே கொண்டாட்டம்! நாரை குனிந்தால் மீன். நரி வாயைத் திறந்தால் தவளை. இரண்டும் தின்று தின்று ஏப்பம் விட்டன.

சலோமி என்ற நண்டு உடைப்பைப் பார்த்தாள். அடுத்த மழைக்கு முன் கரையைக் கட்டாவிட்டால் வருகிற தண்ணீரும் நிற்காது. குளத்தில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. இரண்டு கொடுக்குகளையும் கூப்பினாள்.

"ஆண்டவரே! அவ்வளவு பெரிய கடலுக்கே மணலால் கரை போட்டவர் நீர். இந்தச் சின்னக் குளத்துக்குக் கரை போட எங்களுக்குப் பெலன் தாரும்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓர் உருண்டை சேற்றை எடுத்து உடைப்பில் வைத்தாள். பொத்!

நரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "நேரா நடக்கத் தெரியாதவ, நேரா கரை கட்டப் போறாளாம்!"

சலோமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பக்கவாட்டுல நடந்தாத்தான் நரியண்ணே, கரையைப் பார்த்துக்கிட்டே பூச முடியும்!"

இதைக் கேட்டுத் தவளைகள் துள்ளின. "அக்கா, நாங்களும் வர்றோம்!"

அப்புறம் குளமே அமளிதுமளிப்பட்டது! மற்ற நண்டுகள் சேறு சுமந்தன. எலிகள் கோரைப்புல்லை இழுத்து வந்தன. தவளைகள் கரைமேல் குதித்துக் குதித்து மண்ணை இறுக்கின. ஒரு குண்டுத் தவளை குதித்த வேகத்தில் கழுத்துவரை புதைந்துபோக, நாலு பேர் சேர்ந்து பிடுங்கி எடுத்தார்கள்!

கரை உயர உயர, இனி மீன் சுலபமாகக் கிடைக்காதே என்று நாரை பதறியது. குரலில் தேன் ஒழுக அழைத்தது: "சலோமி, எதுக்கு நமக்குள்ள சண்டை? அந்த மரத்தடிக்கு வாம்மா, சமாதானமாப் பேசலாம்!"

நாரையின் அலகு தன் பக்கமே நீள்வதைச் சலோமி பார்த்தாள். "வேலையை விட்டுட்டு வர முடியாதுங்க! பேசணும்னா நீங்க மேல வாங்க. வரும்போது ஒரு வாய் மண்ணும் கொண்டு வாங்க!"

நாரை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் மதியம், எல்லோரும் அசந்திருந்த நேரம் பார்த்து நரி வந்தது. கரையைக் காலால் உதைத்துப் பாதியைச் சரித்துவிட்டு ஓடியது.

"போச்சு! எல்லாம் போச்சு!" தவளைகள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டன. சலோமியின் கால்கள் எல்லாம் வலித்தன. ஆனாலும் மெல்ல எழுந்தாள்.

"பாதிதானே போச்சு? மீதி பாதி நிக்குதே! ஆண்டவர் நம்மள விடல, நாமளும் இதை விடக்கூடாது. பாதிப் பேர் கட்டுங்க, பாதிப் பேர் காவல் இருங்க!"

சரிந்த இடம் மறுபடி எழுந்தது. நரியும் மறுபடி வந்தது! அது கரையில் கால் வைத்ததும், "வந்துட்டான்! வந்துட்டான்!" என்று தவளைகள் கத்தின. சலோமி அதன் வாலைக் கொடுக்கால் கவ்விக்கொண்டாள்!

"ஐயோ! அம்மா!" நரி இந்தப் பக்கம் ஓடியது, அங்கே நண்டுகள் கொடுக்கைத் தூக்கி நின்றன. அந்தப் பக்கம் ஓடியது. அங்கே எலிகள் பல்லைக் காட்டின. வாலில் சலோமி ஊஞ்சலாட, நரி கரைமேல் போகிறது, வருகிறது, போகிறது, வருகிறது! அது மிதித்த மிதியில் ஈர மண் கல்லாக இறுகிவிட்டது!

"நல்லா மிதிங்க நரியண்ணே!" என்று தவளைகள் கைதட்டின.

சலோமி பிடியை விட்டதும் நரி காட்டுக்குள் ஒரே ஓட்டம்! நாரையும் சத்தமில்லாமல் பறந்துபோனது.

அன்று மாலையே மழை கொட்டியது. தண்ணீர் மளமளவென்று ஏறிக் கரையை முட்டியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கரை அசையவில்லை! மீன்கள் துள்ளின, தவளைகள் பாடின, சலோமி தண்ணீரில் குட்டிக்கரணம் அடித்தாள்.

ஆண்டவரை நம்பித் தொடங்கிய நல்ல வேலையை, கேலிக்கோ மிரட்டலுக்கோ பயந்து பாதியில் விடாதவர்களே அதைக் கட்டி முடிப்பார்கள்.