புங்க மரத்தடிக் குவியல்

குப்பைக்கு மூன்று பேர் சொந்தம் கொண்டாடிய கதை இது. கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர். எதிர்வீட்டு மாசிலாமணி தன் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கையில் தராமல் என் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனவர். அன்றோடு எங்களுக்குள் பேச்சு இல்லை. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அவர் வீட்டுப் புறவாசலில் ஒரு புங்க மரம். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளின் கோழிகள் பொழுது சாய்ந்தால் சுவரைத் தாண்டி வந்து அதில்தான் அடையும். விடிந்தால் மரத்தடியெல்லாம் எச்சம். வந்து அள்ளச் சொல்லி மாசிலாமணி சத்தம் போட்டார். அவள் அசரவில்லை.

“கோழிதான் என்னுது அண்ணாச்சி. விழுந்தது உங்க மண்ணுல. அதை நீங்களே வச்சுக்கிடுங்க.”

அவரே தினமும் கூட்டி மூலையில் தள்ளி, நாற்றம் அடங்கப் புங்கச் சருகைப் போட்டு மூடினார். கோடை முழுக்க இதே வேலை. உள்ளே அது நல்ல எருவாக மக்குவது அவருக்குத் தெரியாது.

அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் ஜெயசீலனுக்குத் தெரிந்தது. எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

“எம்புட்டு அள்ளிட்டுப் போறீரோ அம்புட்டும் உமக்கு. என் மூக்கு பிழைச்சாச் சரி.”

ஜெயசீலன் மண்ணோடு கலந்து மொட்டை மாடியில் செடி வளர்க்கும் பைகளை நிரப்பினார். பை நிறைந்ததும் நிறுத்திக்கொண்டார். பாதிக் குவியல் அங்கேயே கிடந்தது. அவருடைய கத்தரி கொத்துக் கொத்தாகக் காய்த்தது.

அதைப் பார்த்த பேச்சியம்மாள், பகலில் கோழிகள் முட்டையிட வரும் கூட்டில் கிடந்த மக்காத பச்சை எச்சத்தை அப்படியே வாரித் தன் தோட்டத்துச் செடிகளின் தூரில் போட்டாள். சூடு தாங்காமல் தோட்டம் முழுவதும் கருகிவிட்டது. காய்க்கென்று சந்தைக்குப் போகாத வீடு அது. ஆடியில் மறுபடி நட, மக்கிய எரு வேண்டும்.

கூடையோடு வந்தாள். ஜெயசீலனும் வந்தார். மாசிலாமணி குறுக்கே நின்றார். தீனி போட்டவள் நான் என்றாள் அவள். எனக்குக் கொடுத்தது என்றார் ஜெயசீலன். கூட்டி மூடியது யார் என்றார் மாசிலாமணி. நான் அவருக்கு எதிராகத்தான் பேசுவேன் என்று நம்பி, பேச்சியம்மாள் என்னைக் கூப்பிட்டாள்.

மீந்த எரு இந்த மூவரில் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: மாசிலாமணிக்குத்தான். சொல்ல எனக்கே கசக்கிறது. நாறும்போது வேண்டாம் என்றவள், மக்கியபின் கேட்க முடியாது. ஜெயசீலனுக்குக் கொடுத்தது அள்ளிக்கொண்டு போனதை மட்டும். அள்ளாமல் விட்டது கொடுத்தவருடையதே. அப்படியே சொன்னேன். தன்னுடையது என்று ஆனதும் மனிதர் இளகிவிட்டார். “வேரை வேக வச்சவளே, கூடையைக் கொண்டா” என்று பேச்சியம்மாளுக்கு அவரே நிரப்பிக் கொடுத்தார். ஜெயசீலனுக்கும் ஒரு கூடை. என் வீட்டிலும் நாலு வெண்டைச் செடி நிற்கிறது. எனக்கு ஒரு கைப்பிடி தரவில்லை. நானும் கேட்கவில்லை.