சாணி உருண்டைக்குக் கீழ்ப்படிந்த புற்று

ஒரு காட்டில், குளத்தங்கரைச் சரிவில், ஆளுயரக் கறையான் புற்று ஒன்று இருந்தது. அதன் சுவரைக் கீறிப் பார்த்த கரடி நகம் உடைந்து திரும்பிப் போனது.

புற்றுக்குள் லட்சம் கறையான்கள். எதற்கும் கண் தெரியாது. காவல் கறையான்கள் தலையால் சுவரைத் தட்டும்; ஒன்று தட்டியதைக் கேட்டு அடுத்தது அப்படியே தட்டும். இரண்டு தட்டு என்றால் காவலர் எல்லோரும் நிலவறைக்குப் போக வேண்டும். மூன்று தட்டு என்றால் வேலைக்காரர்கள் வாசலைத் திறக்க வேண்டும். கேட்டது கேட்டபடி நடக்கும்.

ஒருநாள் சாணி வண்டு ஒன்று தன் உருண்டையை மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தது. உருண்டை நழுவிப் புற்றில் மோதியது. டொக், டொக், டொக்.

வாசல் திறந்தது.

வண்டு திறந்த வாசலையே பார்த்தது. 'ஐயோ, என் சாணிக்கு ஒரு ராஜ்ஜியமே கட்டுப்படுகிறதே!' என்று மலைத்துப்போனது. வேடிக்கையாக இருந்தாலும், பகைவன் தட்டினால் என்ன ஆகும் என்று பயந்தது.

அது காவல் தலைவன் இரும்புத்தலையனிடம் ஓடியது. "தலைவரே, வெளியே யார் தட்டினாலும் உங்கள் ஆட்கள் கதவைத் திறக்கிறார்கள். உள்ளே முட்டைகள் இருக்கின்றன, கவனியுங்கள்."

"கரடியே தோற்ற சுவர் இது. சாணி உருட்டுகிற நீ எனக்குக் காவல் சொல்லித் தருகிறாயா? போய்யா!" என்றான் தலைவன்.

பல நாளாகப் புதருக்குள் படுத்து, எந்தத் தட்டுக்கு என்ன நடக்கும் என்று கவனித்து வைத்திருந்த எறும்புத்தின்னி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. வண்டு போய், வாசலும் மூடியதும் எழுந்து வந்து, வாலால் சுவரை இரண்டு முறை தட்டியது. காவலர் அத்தனை பேரும் நிலவறைக்கு இறங்கினார்கள். பிறகு மூன்று முறை தட்டியது. வாசல் திறந்தது. நீண்ட நாக்கு உள்ளே நுழைந்தது. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

நிலவறையில் நின்ற தலைவனுக்கு மேலிருந்து முட்டை அறையின் கூக்குரல் கேட்டது. "இறங்கச் சொன்னது யார்?" என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான்.

"எனக்கு முன்னால் நின்றவர் தட்டினார்."

அவரைக் கேட்டால் அவரும் முன்னால் நின்றவரைக் காட்டினார். இப்படியே ஒவ்வொருவராகக் கேட்டு மேலே ஏறினான் தலைவன். வரிசையின் முதல் ஆளாக, கேட்டதை அடுத்தவருக்குத் தட்டுவதற்காகக் கீழே இறங்காமல், வெளிச்சுவரை ஒட்டி ஒரு கிழட்டுக் கறையான் நின்றது.

"எனக்குச் சுவர் சொன்னதப்பா" என்றது அது.

தலைவனுக்கு அப்போதுதான் விளங்கியது. பெயர் தெரியாத ஒருவனின் ஒரு சொல்லுக்கு லட்சம் பேர் அசைந்திருக்கிறார்கள்! "தட்டியவனை மீசையால் தொட்டுப் பார்க்காமல் இனி ஒருவரும் அசையக் கூடாது!" என்று கத்திக்கொண்டே முட்டை அறைக்கு ஓடினான். காவலர் பின்னால் ஓடி எறும்புத்தின்னியின் நாக்கைக் கடித்து விரட்டினார்கள். வேலைக்காரர்கள் மண்ணைக் குழைத்து வாசலை அடைத்தார்கள்.

வெளியே எறும்புத்தின்னி வால் நோகும்வரை தட்டியது. உள்ளே ஒரு கால்கூட நகரவில்லை. ஆனால் பாதி முட்டைகள் போனது போனதுதான்.

சுவர் எத்தனை தடிமனாக இருந்தாலும், கட்டளை யாருடையது என்று கேட்காத வீட்டைப் பகைவன் இடிக்க வேண்டியதில்லை, வீட்டாரே திறந்துவிடுவார்கள்.