பிரபு வீட்டுப் பின்வாசல்

போலந்து தேசத்தில் அந்தக் காலத்தில் பிரபுக்கள் ரொம்பப் பேர். மற்ற தேசங்களில் ஊருக்கு ஒரு பிரபு இருந்தாலே அதிகம். அங்கேயோ சில ஊர்களில் வீட்டுக்கு வீடு பிரபுதான். நிலம் துண்டு நிலம், கூரை ஒழுகும் கூரை. ஆனாலும் ஆண்கள் ஏர் பிடிக்கும்போது இடுப்பில் வாள் கட்டிக்கொள்வார்கள். பெண்கள் கதிர் அறுக்கும்போது கையுறை போட்டுக்கொள்வார்கள். குடியானவப் பெண் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே!

டொரோத்தா அப்படி ஓர் ஊர்க்காரி. கணவனைப் போருக்குக் கொடுத்தவள். ஊருக்கு வெளியே குடிசை போட்டிருந்த துறவி ஒனுப்ரியிடம் ஜெபம் கற்றுக்கொள்ள வருவாள். துறவி அவளைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவளுக்கு அவர்தான் குரு.

அன்று அறுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். துறவி அவரைச் செடிப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, இன்னிக்கு எனக்கு ஜெபமே வரமாட்டேங்குது."

"என்ன ஆச்சும்மா?"

"அகத்தாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கு. ஆம்பளைப் பிள்ளை."

அகத்தா அவளுடைய ஒரே மகள். ஓடைக்கு அந்தப் பக்கம் மாவு ஆலை வைத்திருக்கும் ஷிமோன் என்ற குடியானவனைக் கட்டிக்கொண்டவள். அந்தக் கல்யாணத்துக்கு டொரோத்தா போகவில்லை. அதன் பிறகு ஓடையைத் தாண்டவும் இல்லை.

"நல்ல சேதிதானேம்மா?"

"பிள்ளை நல்லா இருக்கான். இவளுக்குத்தான் காய்ச்சல் விடலை. உடம்பு அனலாக் கொதிக்குதாம். அம்மா அம்மான்னு பிதற்றுறாளாம். காலையில மருமகன் வந்து... அந்த ஆலைக்காரன் வந்து சொன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

டொரோத்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பிரபு வீட்டு முன்வாசல்ல நிக்காதே, பின்வாசலுக்கு வான்னேன்."

"உங்க வீட்டுக்குப் பின்வாசல் இருக்கா?"

"இல்லை சாமி."

துறவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"பாவம், அவர் என்ன பண்ணினார்?"

"தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு வீட்டைச் சுத்தித் தேடினான். தேடிட்டு மறுபடியும் முன்னாலேயே வந்து நின்னான். கண்ணெல்லாம் தண்ணி. நான் கதவைச் சாத்திட்டேன்."

சொன்னவள் உடைந்து அழுதாள்.

"பெத்த வயிறு எரியுது சாமி. போகணும்னு கால் துடிக்குது. ஆனா நான் ஓடையைத் தாண்டினா, ஆலைக்காரன் பிள்ளையை மடியில வச்சவள்னு ஊர் பேசும். அப்புறம் யார் என்னைப் பிரபு வீட்டுப் பொம்பளைன்னு மதிப்பாங்க? எனக்குன்னு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்."

துறவி இன்னொரு களையைப் பிடுங்கிப் போட்டார். பிறகு கேட்டார்:

"பிரபுக்களுக்கு என்னம்மா வேலை? குடியானவங்களை ஆளுறதா?"

அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க ஊர்ல எங்கே சாமி குடியானவங்க? கோழி ஒரு பிரபு வீட்டுல மேயும், இன்னொரு பிரபு வீட்டுல முட்டை போடும். யாரை ஆளுறது?"

"அப்ப எதுக்கு இத்தனை பேர்?"

டொரோத்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆபத்து வந்தா முதல்ல போய் நிக்கிறதுக்கு. ராஜா ஆள் அனுப்பினதும் என் வீட்டுக்காரர் கஞ்சியைப் பாதியில வச்சுட்டு எழுந்து போனார். யாரையும் கேட்கலை. பின்னால இருக்கிற பிள்ளைகுட்டி பிழைக்கணும்னா, முன்னால ஒருத்தர் நிக்கணும் சாமி. எங்க பிறப்பே அதுக்குத்தான்."

துறவி எழுந்தார். கையிலிருந்த மண்ணைத் தட்டினார். காய்ச்சலுக்குக் கஷாயம் போடும் இலைக் கட்டு ஒன்றைக் கூரையிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு, ஓடைப் பக்கமாக இறங்கி நடந்தார். டொரோத்தா மூச்சு வாங்க அவர் பின்னாலேயே ஓடினாள்.

ஓடையின் மேல் பாலம் என்று கிடந்தது ஒற்றைப் பலகைதான். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். துறவி பலகையருகே வந்ததும் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"ஏன் சாமி நின்னுட்டீங்க?"

துறவி இலைக் கட்டை அவள் கையில் கொடுத்தார்.

"நான் குடியானவன் பிள்ளைம்மா. பின்னால வர்றேன். நீங்க முன்னால போங்க."