கரும்பலகைக்கு முதுகு

"அவளுக்குக் கொடுத்தீர்கள். எனக்கு ஏன் தரவில்லை?"

ஆவுடையப்பன் உட்காரக்கூட இல்லை.

தில்லையம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருடைய மடத்தில் படித்தவர்கள்தாம் அந்த மலையோர ஊர்களுக்கெல்லாம் ஆசிரியர்கள். முதலில் படிக்க வேண்டும், பிறகு மற்றவர் பாடம் நடத்துவதைப் பார்க்க வேண்டும். அதன்பின் ஒரு வகுப்பு கிடைக்கும்.

இந்த முறை ஒரு வகுப்புதான் இருந்தது. அது பூரணிக்குப் போயிற்று.

"அவள் எனக்குப் பின்னால் வந்தவள், அம்மா. அவளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்ததே நான்தான்."

"தெரியும்."

"சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டால் எனக்குச் சோறு இறங்கவில்லை."

"அப்படியானால் சுவருக்கு இந்தப் பக்கம் ஏன் இருக்கிறாய்? போய் அவள் வகுப்பில் உட்கார்."

போனான். கடைசி வரிசையில் பாயை விரித்து, அவள் வாயையே பார்த்திருந்தான்.

மாலையில் திரும்பியபோது அவன் முகம் மலர்ந்திருந்தது.

"வல்லினம் என்பதற்கு மெல்லினம் என்றாள். எழுதிய வரி கோணிக்கொண்டு போகிறது. ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல், நாளைக்குச் சொல்கிறேன் என்று மழுப்பினாள்."

"பிள்ளைகள் என்ன செய்தார்கள்?"

ஆவுடையப்பன் வாய் திறந்தான். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

"இருந்தார்கள்," என்றான்.

மறுநாள் தில்லையம்மையே வகுப்புக்கு வந்தார். அவன் பாயைச் சுருட்டி எடுத்துப்போய்க் கரும்பலகைக்கு அடியில் போட்டார்.

"இங்கே பிள்ளைகளைப் பார்த்து உட்கார். திரும்பாதே."

பிள்ளைகள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனுக்குக் காது மடல் சுட்டது.

முதுகுக்குப் பின்னால் சுண்ணக்கட்டி கீச்சிட்டது. வரி கோணுகிறதா? கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. அடக்கிக்கொண்டான். பூரணி ஏதோ சொல்ல, வகுப்பே கொல்லென்று சிரித்தது. என் வகுப்பில் இப்படிச் சிரித்திருப்பார்களா என்று நினைத்தான்.

வேறு எங்கும் பார்க்க வழியில்லாததால் பிள்ளைகளைப் பார்த்தான்.

அன்று பொழுது சாய்வதற்குள்ளேயே தில்லையம்மையின் முன் வந்து நின்றான். மூச்சு வாங்கியது.

"அம்மா, ஜன்னலோரம் ஒரு சின்னப் பெண். எல்லாரும் சிரித்த பிறகுதான் சிரிக்கிறாள். பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறாள். அவளுக்குக் காது கேட்கவில்லை என்று நினைக்கிறேன். பலகைப் பக்கம் திரும்பிப் பேசும் பூரணிக்கு அது தெரிய வழியில்லை."

"அந்தப் பெண் பேர் என்ன?"

"கேட்கவில்லை."

"பூரணியிடம் சொன்னாயா?"

"இல்லை. நேரே உங்களிடம்தான் வந்தேன்."

"என்னிடம் எதற்கு?" என்றார் தில்லையம்மை.

ஆவுடையப்பன் வகுப்பை நோக்கி ஓடினான்.