நாலு சாவிச் சங்கம் வைஃபை வாங்கிய கதை

திண்டுக்கல்லுக்குத் தெற்கே திறவாப்பட்டி என்று ஓர் ஊர். அங்கே பூட்டுத் தொழிலாளர் சங்கம் ஒன்று உண்டு. தலைவர் மச்சக்காளை, செயலாளர் சடையாண்டி, பொருளாளர் பவுன்ராசு. மிச்சமிருந்த குருநாதன்தான் மொத்த உறுப்பினர் கூட்டம். நாலு பேருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு என்று நான் சொல்லமாட்டேன். படித்துவிட்டு நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

சங்கத்தின் ரப்பர் முத்திரை ஓர் இரும்புப் பெட்டியில் இருந்தது. பெட்டிக்கு நாலு பூட்டு, ஆளுக்கொரு சாவி. ஒருவர் சாவி இன்னொருவர் கைக்குப் போகக்கூடாது என்பது சங்கத்துச் சட்டம். பன்னிரண்டு வருஷமாக முத்திரை குத்த ஒரு காகிதமும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

மச்சக்காளைக்கு நாற்பத்தொரு வயது. பதினாறு வரன் வந்து பதினாறும் தட்டிப்போனது. பதினேழாவதாக, மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் தெய்வானையின் ஜாதகம் பொருந்தியது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, பத்தரை ராகுகாலத்துக்கு முன், வீடியோ காலில் பார்த்துக்கொள்வது என்று தரகர் பேசி முடித்தார். அதற்காகவே சங்கத்துக்கு வைஃபை வாங்கினார்கள். மச்சக்காளைக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. பாவம், இதை விட்டால் இனிக் கல்யாணமே இல்லை என்று பயந்துபோயிருந்தார்.

வியாழக்கிழமை ஜெசிந்தா என்ற பெண் வந்து ரவுட்டரைப் பொருத்தினார்.

"கம்பியில வர்ற இணைப்பை இதுதான் கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் பிரிச்சுக் குடுக்கும். பத்திரமா வச்சுக்குங்க. பாஸ்வேர்டு யாருமே கண்டுபிடிக்க முடியாததா இருக்கணும். யாருக்கும் சொல்லக்கூடாது. தெரியாதவங்க யாரையும் உள்ள விட்றாதீங்க."

நாலு பேரும் தலையாட்டினார்கள். அத்தனை பணிவாக ஆட்டியபோதே அந்தப் பெண் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பாஸ்வேர்டு அடிக்கும் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டு, வெளியே கம்பத்தில் கம்பியைக் கட்டப் போய்விட்டார்.

"பாஸ்வேர்டுங்கிறது சாவிதான். ஆளுக்கு மூணு எழுத்து அடிப்போம். ஒருத்தர் அடிக்கையில மத்தவங்க சுவத்தைப் பாத்து நிக்கணும்" என்றார் சடையாண்டி. அப்படியே செய்தார்கள். ஜெசிந்தா வண்டியேறிப் போனதும், பத்திரமாக வைக்கச் சொன்ன ரவுட்டரை இரும்புப் பெட்டியில் வைத்து நாலு பூட்டும் போட்டார்கள். கம்பிகளை மூடியில் இருந்த காசு போடும் ஓட்டை வழியாக வெளியே விட்டார்கள்.

மறுநாள் மச்சக்காளை பட்டு வேட்டி கட்டி, விபூதி பூசி, ஒன்பதரைக்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். சிக்னல் இல்லை. பவுன்ராசு ஜெசிந்தாவுக்குப் போன் போட்டார்.

"ரவுட்டர்ல பச்சை லைட்டு எரியுதா?"

"தெரியலைங்க. இரும்புப் பெட்டிக்குள்ள இருக்கு. நாலு பூட்டு போட்டிருக்கோம். எந்தத் திருடன் கைக்கும் போகாது."

"இரும்பைத் தாண்டி சிக்னல் வராதுங்க. வெளிய எடுங்க" என்றார் ஜெசிந்தா.

எடுத்தார்கள். சிக்னல் வந்தது. கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்டது. மூன்று பேர் வரிசையாக வந்து, மற்றவர்களைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, அவரவர் எழுத்தை அடித்தார்கள். குருநாதன் முறை வந்தது. அவர் அசையவில்லை.

"அடிப்பா, மணி பத்தாகப் போகுது."

"எனக்குத் தெரியாதே. யாருமே கண்டுபிடிக்கக்கூடாதுன்னுச்சு அந்தப் பிள்ளை. யாருமேங்கிறதுல நான் சேர்த்தி இல்லையா? அதான் நானும் கண்ணை மூடிக்கிட்டு அமுக்குனேன்."

மச்சக்காளைக்குக் கண் கலங்கிவிட்டது. மற்ற இருவரும், தங்களுக்கு இது தோன்றவில்லையே என்று குருநாதனை மரியாதையோடு பார்த்தார்கள்.

மறுபடி போன். ரவுட்டரின் பின்னாலிருந்த சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு அமுக்கி, அடியில் ஒட்டியிருந்த பழைய பாஸ்வேர்டைப் போட்டு, ஒருவழியாக உள்ளே போனபோது மணி பத்து பதினெட்டு. திரையில் எழுத்து வந்தது: தெய்வானை உள்ளே வர அனுமதி கேட்கிறார்.

மச்சக்காளை கையை நீட்டினார். சடையாண்டி கையைப் பிடித்துக்கொண்டார்.

"தலைவரே, இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சுக்கத்தானே இப்பப் பாக்கப்போறோம்."

"தெரியாதவங்களை உள்ள விடக்கூடாதுன்னு நேத்துத்தானே தலையாட்டினோம்?"

"உள்ள விடாம எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"தெரியாம எப்படி உள்ள விடுறது?" என்றார் பவுன்ராசு.

நாலு பேரும் யோசித்தார்கள். மணி பத்து இருபத்தாறு. குருநாதன் தொண்டையைச் செருமினார்.

"கல்யாணம் ஆயிட்டா நமக்குத் தெரிஞ்சவங்க ஆயிருவாங்கல்ல? முதல்ல கல்யாணத்தை முடிப்போம். அப்புறமா உள்ள விடுவோம்."

சட்டப்படி இதில் குறையொன்றும் இல்லை. தெய்வானையின் நம்பருக்கு மச்சக்காளை எழுதி அனுப்பினார்: "பார்க்க வேண்டாம். கல்யாணம் செய்துகொள்ளலாம்."

தெய்வானையை அதுவரை பதினொரு வீட்டார் பார்த்துவிட்டு, நிறம் பத்தாது, உயரம் பத்தாது என்று ஆளுக்கொரு குறை சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பார்க்க வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். பத்து இருபத்தொன்பதுக்குப் பதில் வந்தது: "சரி."

ஆவணியில் கல்யாணம். பாதுகாப்புக்காக மண்டபத்துக் கதவின் உட்புறம் இரும்புப் பெட்டியின் நாலு பூட்டையும் மாட்டியிருந்தார்கள். தெரிந்தவர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். பெண்ணும் பெண் வீட்டாரும் வாசலில் நின்றார்கள்.

"நான்தாங்க பொண்ணு" என்றாள் தெய்வானை.

"இருக்கலாம்மா. கல்யாணம் ஆனதும் விட்டுருவோம்" என்றார் சடையாண்டி பிரியமாக.

முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. மச்சக்காளையே வெளியே வந்து வாசலில் வைத்துத் தாலி கட்டினார். உடனே மூவரும் கும்பிட்டு, பெண்ணையும் அவள் வீட்டாரையும் உள்ளே அழைத்தார்கள். வாசற்படி தாண்டிய தெய்வானை, பின்னால் வந்த மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"நியாயமாப் பாத்தா, நானுந்தான் இவரை முன்னப்பின்ன பாத்ததில்ல."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவைச் சாத்தி, நாலு பூட்டையும் அமுக்கிவிட்டார்கள்.

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அவள் தலையில் அடித்துக்கொண்ட பிறகுதான் திறக்கப் போனார்கள். மூன்று பூட்டு திறந்தது. நாலாவது சாவி வெளியே, மாப்பிள்ளையின் மடியில். உள்ளே பந்தியில் இலை போட்டாகிவிட்டது.

"ஏங்க, அந்தச் சாவியை ஜன்னல் வழியாக் குடுங்க" என்று தெய்வானை கத்தினாள்.

மச்சக்காளை மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சாவியை யார் கைக்கும் குடுக்கக்கூடாதும்மா, சங்கத்துச் சட்டம். நீ கதவைத் திற, நான் உள்ள வந்து பூட்டைத் திறந்துவிடுறேன்."