வெள்ளைத் திராட்சை கடைசியில் பழுப்பது ஏன்?

அந்தக் காலத்தில் செடிகொடிகளும் பறவைகளும் மனிதரோடு பேசும். மலைச்சரிவில், ஆற்றைப் பார்த்தபடி, சடையனுக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அவனும் தாயில்லாத மகள் காமாயியும் மட்டுமே அதில் பாடுபட்டார்கள். கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று இனமும் ஒரே சமயத்தில் பழுக்கும். மூன்றையும் சேர்த்து மிதித்து, ஒரே தாழியில் புளிக்கவைத்து மதுவாக்குவது அவர்கள் குடும்ப வழக்கம்.

ஒரு வருடம் காமாயி வெள்ளைத் திராட்சையில் கொஞ்சம் ஒதுக்கி, அதன் சாற்றை மட்டும் ஒரு சிறு சாடியில் மூடி வைத்தாள். அடுத்த அறுவடை நெருங்கும்போது அது சடையன் கண்ணில் பட்டது.

"என்ன இது?"

"வெள்ளையை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தேன் அப்பா. ஒரு வாய் குடித்துப் பாருங்களேன். கறுப்போடு சேர்ந்தால் இதன் ருசி தெரியாமலே போகிறது."

"என் அப்பனும் பாட்டனும் செய்தது உனக்குக் குறைந்துபோயிற்றா?" சடையன் சாடியைத் தூக்கித் தரையில் அடித்தான். "வெள்ளைத் திராட்சை பறித்து முடிவதற்குள் வந்து மன்னிப்புக் கேள். இல்லாவிட்டால் இந்த வாசலை மிதிக்காதே. இது சத்தியம்!"

காமாயி அன்றே கிளம்பினாள். ஆற்றைக் கடந்து அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள்.

உடைந்த ஓடுகளைப் பொறுக்கும்போது ஒன்றில் கொஞ்சம் மது தேங்கியிருந்தது. சடையன் அதை நாக்கில் விட்டுப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்படி ஒன்றை அவன் ஆயுளில் குடித்ததில்லை.

மறுநாள் வெள்ளைக் கொடியிடம் போய் நின்றான்.

"என் மகள் வரும்வரை பழுக்காமல் இரு."

"நீயே போய்க் கூப்பிட்டால் என்ன?" என்றது கொடி.

"சத்தியம் செய்துவிட்டேனே! பெற்றவன் நான் எப்படி இறங்கிப் போவது?"

கொடி தயங்கியது. "காத்திருக்கப் பழகினால் எனக்குப் பிறகு மறக்காது, சடையா."

"மறக்காவிட்டால் போகிறது."

கறுப்பும் சிவப்பும் பழுத்தன. சடையன் தனியாளாகப் பறித்து, தனியாளாக மிதித்தான். இலைகள் உதிர்ந்தன. ஆற்றின் மேல் பனி கவிந்தது. வெள்ளைக் காய்கள் மட்டும் பச்சையாகவே தொங்கின. நாள்தோறும் ஆற்றுப் பாதையைப் பார்த்துப் பார்த்து அவன் கண் பூத்துப்போனது.

ஒருநாள் காகம் ஒன்று வந்து பந்தல் காலில் அமர்ந்தது.

"உன் மகள் போய்விட்டாள் சடையா. காய்ச்சல்."

சடையன் காகத்தின் அருகே போனான். "என்மேல் கோபமாகவே இருந்தாளா?" என்று கேட்டான்.

"கோபமா? இந்தப் பக்கமிருந்து யார் போனாலும், வெள்ளைத் திராட்சை பறித்தாயிற்றா என்றுதான் கேட்பாள். இன்னும் இல்லை என்பார்கள். 'அப்படியானால் நாள் இருக்கிறது, அப்பாவுக்குக் கோபம் ஆறட்டும், அப்புறம் போகிறேன்' என்பாள். படுக்கையிலும் அதையேதான் கேட்டாள்."

சடையன் கொடியைக் கட்டிக்கொண்டு கதறினான். "பழுத்துவிடு! இனி யாருக்காகக் காத்திருக்கிறாய்?"

அதற்குப் பிறகு கொடி யாரிடமும் பேசவே இல்லை. கடும்பனி இறங்கிய பிறகுதான் காய்கள் மெல்ல மெல்லப் பழுத்தன. சடையன் அவற்றைத் தனியாக மிதித்து, தனிச் சாடியில் ஊற்றினான். மது ஆனதும் ஒரு வாய் குடித்தான். தேனாய் இனித்தது, இனிப்பின் அடியிலிருந்து ஒரு புளிப்பு எழுந்து தொண்டையை அறுத்தது. சாடியை மூடிவிட்டு வெளியே போனான்.

அன்று முதல்தான் மற்றத் திராட்சைகளெல்லாம் வீடு சேர்ந்த பிறகும் வெள்ளைத் திராட்சை மட்டும் பனியில் பச்சையாய்த் தொங்கிக்கொண்டு நிற்கிறது.